கையில் தீச்சட்டி, கண்ணில் பனிமலை: வலியும் கவனமும்

தீயினால் வரும் வலியை எதிர்கொள்ள மனிதர்கள் கண்ட இரண்டு வழிகளை இங்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். ஒன்று, தேனியிலிருந்து கம்பம் போகும் சாலையில், முல்லையாற்றங்கரையில் உள்ள வீரபாண்டி கௌமாரியம்மன் கோயிலுக்குச் சித்திரைத் திருவிழாவில் எடுக்கும் தீச்சட்டி. இன்னொன்று, அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில், தீக்காயப் புண்ணைக் கழுவிக் கட்டும் நேரத்தில் நோயாளியின் கண்ணுக்கு மாட்டிவிடும் பனி உலகம். முன்னதில் தீ கையிலேயே இருக்கிறது. பின்னதில் தீ வந்துபோய், புண் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அங்கே நேர்த்திக்கடன், இங்கே கணினி. இத்தனை தூரம் விலகி நிற்கும் இரண்டையும் சேர்த்துக் கட்டுவது மனிதனின் கவனம்.

இந்த ஒப்பீட்டுக்கு எங்கள் பக்கம் ஒரு தேவை இருக்கிறது. வருசநாட்டு மலையடிவார ஊர்களில், தீச்சட்டி எடுத்தவர் ஒருவர்கூட இல்லாத சொந்தபந்தத்தைப் பார்ப்பது அரிது. அடுப்பில் சேலை பற்றியவர்களும் கொதிக்கும் எண்ணெய் பட்டவர்களும் அதே ஊர்களிலிருந்துதான் மயிலாடும்பாறை, கடமலைக்குண்டு வழியாக க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு இறங்கி வருகிறார்கள். 2018 மார்ச் 11 அன்று போடிக்கு மேலே குரங்கணி மலையில் காட்டுத்தீ சூழ்ந்து, மலையேறப் போனவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் மாண்டபோது, தீக்காயம் என்றால் என்ன என்பதை மாவட்டமே கண்ணால் கண்டது. புண் கட்டும் அறையில் ஒரு பெண் கத்தினால், உடன் வந்தவர்களே சொல்லிவிடுவார்கள்: "ஆத்தாளுக்குச் சட்டி எடுத்த கைதான? இதுக்குப் போயி இந்தக் கத்து கத்துற?" தைரியம் சொல்வதாக நினைத்துத்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்தப் பேச்சு தவறு. அந்தப் பெண்ணுக்கு அது இன்னொரு காயம். அது ஏன் தவறு என்பது இந்த இரண்டையும் ஒப்பிட்டால் தெளிவாகும்.

வீரபாண்டி வீதியில்

கௌமாரியம்மன் அம்மை நோய்க்கும் கண் நோய்க்கும் மக்கள் வேண்டிக்கொள்ளும் தெய்வம். பார்வை இழந்த வீரபாண்டி மன்னன் இங்கே தவமிருந்து பார்வை பெற்றான் என்கிறது தலவரலாறு. கோயிலில் அத்திமரக் கம்பம் நட்டதும் ஊர் விரதத்துக்குள் வந்துவிடும். ஆற்றிலிருந்து தண்ணீர் மொண்டு வந்து கம்பத்துக்கு ஊற்றுவார்கள். எட்டு நாள் திருவிழாவில் இரவு பகல் என்று பேதமில்லாமல் தீச்சட்டியும் ஆயிரங்கண் பானையும் வந்துகொண்டே இருக்கும்.

சட்டி சுமந்து வரும் பெண்ணைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்ப்போம். பிள்ளைக்கு அம்மை போட்டிருந்தபோது நேர்ந்துகொண்டவளாக இருப்பாள். பல நாள் விரதம், மஞ்சள் சேலை, ஆற்றில் முங்கி எழுந்த ஈரம். மண்சட்டிக்குள் விறகுச் சிராய்கள் கொழுந்துவிட்டு எரிகின்றன. சட்டிக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் வேப்பிலைக் கொத்து. முன்னால் உறுமியும் தப்பும் முழங்குகின்றன. தம்பி பக்கத்திலேயே வந்து, தீ தணியத் தணியச் சிராய் போடுகிறான். மதினி முதுகில் கை வைத்தபடி நடக்கிறாள். சாலையோரத்து வீடுகளில் குடத்தோடு காத்திருக்கும் பெண்கள், அவள் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கும்பிடுகிறார்கள். "பாத்து வாத்தா… சட்டிய அந்தக் கைக்கு மாத்திக்க… இந்தா கோயிலு வந்துருச்சு" என்று யாராவது சொல்லிக்கொண்டே வருகிறார்கள். அவள் கண் இதில் எதன்மேலும் இல்லை. எரிகிற தீயிலேயே நிலைத்திருக்கிறது.

இதில் பௌதிகத்துக்கும் பங்குண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. மண் சூட்டை மெதுவாகத்தான் கடத்தும். பச்சை வேப்பிலை சூட்டைத் தடுக்கும். கைமாற்றிப் பிடிப்பதால் ஒரே இடம் தொடர்ந்து வேகாது. ஆனாலும் மனிதத் தோல் ஏறக்குறைய 43 முதல் 45 டிகிரி செல்சியஸிலேயே சூட்டை வலியாக உணரத் தொடங்கிவிடும். அத்தனை தூரம் எரியும் சட்டியைச் சுமக்கிற கைக்கு அந்தச் சூடு எட்டாமல் போகாது. மறுநாள் அவளிடம், "சுடலையா?" என்று கேட்டால் வரக்கூடிய பதில், "சுடாம இருக்குமா? ஆத்தா தாங்கிக்கிட்டா" என்பதுதான். முதல் பாதியில் சூடு பட்டதை ஒப்புக்கொள்கிறாள். இரண்டாம் பாதியில், அது தன்னைத் துன்புறுத்தவில்லை என்கிறாள்.

இதற்கு மிகவும் நெருங்கிய இன்னொரு சடங்கை ஆய்வாளர்கள் அளந்து பார்த்திருக்கிறார்கள். மொரீசியஸ் தீவின் தமிழர்கள் தைப்பூசத்தன்று அலகு குத்திக் காவடி எடுப்பதை டிமிட்ரிஸ் சிகலாட்டாஸ் தலைமையிலான குழுவினர் ஆராய்ந்து, 2013-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். காவடி எடுத்தவர்கள் வலியே தெரியவில்லை என்று சொல்லிவிடவில்லை. வலித்தது என்றார்கள், எவ்வளவு என்று மதிப்பிட்டும் காட்டினார்கள். வலி அதிகம் என்று சொன்னவர்கள் கோயிலுக்குக் கூடுதலாகக் காணிக்கை கொடுத்தார்கள். ஆக, பக்தி வலியை அழித்துவிடுகிறது என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுவது சரியில்லை. வலி இருந்தது. ஆனால் அதற்கு வேறொரு மதிப்பு வந்துவிட்டது.

சியாட்டிலில்

தீக்காயம் பட்டவர்களுக்குச் சுட்ட நாளைவிட, அதன்பின் வரும் நாட்கள் கொடுமையானவை. புண்ணில் ஒட்டிய பழைய துணியை நனைத்து எடுக்க வேண்டும். செத்த தோலைச் சுரண்டி அகற்ற வேண்டும். கழுவி, மருந்து தடவி, மறுபடி கட்ட வேண்டும். மூட்டுகள் இறுகிவிடாமல் மடக்கி நீட்ட வேண்டும். நாள் தவறாமல் இது நடக்கும். படுத்திருக்கும் நேரத்து வலியை மார்ஃபின் போன்ற மருந்துகள் ஓரளவு அடக்கிவிடும். கட்டுப் பிரிக்கும் நேரத்து வலிக்கு அந்த மருந்தும் பல நேரங்களில் போதாது.

சியாட்டிலில் ஹார்பர்வியூ தீக்காய மையத்தில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹண்டர் ஹாஃப்மனும் டேவிட் பேட்டர்சனும் இந்த நேரத்தைத்தான் குறிவைத்தார்கள். நோயாளியின் கண்ணை முழுதாக மூடும் கருவியை மாட்டி, அவரைக் கணினி உருவாக்கிய மெய்நிகர் உலகத்துக்குள் அனுப்பினார்கள். இளவயது நோயாளிகள் இருவரிடம் இதைச் சோதித்த முடிவு 2000-ல் வெளிவந்தது. சாதாரண வீடியோ கேம் விளையாடியபோது இருந்ததைவிட, மெய்நிகர் உலகில் இருந்தபோது வலி வெகுவாகக் குறைந்தது. பிறகு தீக்காயத்துக்கென்றே ‘ஸ்னோ வேர்ல்டு’ என்ற பனி உலகத்தை உருவாக்கினார்கள். தீயின் நினைவே எட்டாத இடமாக இருக்க வேண்டும் என்பதால் பனியைத் தேர்ந்தெடுத்தார்கள். பனி மூடிய பள்ளத்தாக்கில் நோயாளி மிதந்து போவார். இரண்டு பக்கமும் பனி மனிதர்கள், பென்குயின்கள். அவற்றின்மேல் பனி உருண்டை எறிய வேண்டும். செவிலியர் புண்ணைக் கழுவிக்கொண்டிருக்கும்போது, நோயாளியின் விரல் பனி உருண்டைக்கான பொத்தானை அழுத்திக்கொண்டிருக்கும்.

நோயாளிகளிடம் கேட்ட கேள்விகளில் ஒன்று மிகவும் முக்கியமானது: ‘கட்டும் நேரத்தில் எவ்வளவு நேரம் வலியைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தீர்கள்?’ வலி எவ்வளவு என்பதோடு, வலி மனதின் எவ்வளவு இடத்தைப் பிடித்திருந்தது என்றும் கேட்டார்கள். பனி உலகத்துக்குள் இருந்தபோது அந்த இடம் சுருங்கியது. 2004-ல் நலமாக உள்ளவர்களின் காலில் வலிக்கும் அளவு சூடு வைத்து மூளையைப் படமெடுத்தார்கள். மெய்நிகர் உலகில் இருந்தபோது, வலியோடு தொடர்புடைய மூளைப் பகுதிகளின் இயக்கம் பாதிக்கும் மேலாகக் குறைந்திருந்தது. 2007-ல் வந்த இன்னோர் ஆய்வில், வலி மருந்தையும் மெய்நிகர் உலகையும் சேர்த்துக் கொடுத்தபோது தனித்தனியே கொடுத்ததைவிடக் கூடுதல் பலன் கிடைத்தது. மருந்தைத் தூக்கி எறியச் சொல்லும் வித்தையாக இதை யாரும் முன்வைக்கவில்லை. மருந்தின் பக்கத்தில் நிற்கும் துணையாகவே முன்வைத்தார்கள்.

இரண்டுக்கும் பொதுவானது

கையிலிருந்து மூளைக்கு வலி வரும் வழி நேர்க்கோடாக இல்லை. ரொனால்ட் மெல்சாக்கும் பேட்ரிக் வாலும் 1965-ல் முன்வைத்த ‘வாயில் கோட்பாடு’ இதைத்தான் சொன்னது. தண்டுவடத்தில் ஒரு தடுப்பு இருக்கிறது. உடலிலிருந்து வரும் சேதியை அது கூட்டியோ குறைத்தோ மேலே அனுப்புகிறது. கம்பம் பள்ளத்தாக்கில் இருப்பவர்களுக்கு மதகைக் காட்டியே இதைச் சொல்லிவிடலாம். அணையில் எவ்வளவு தண்ணீர் இருந்தாலும், வாய்க்காலுக்கு எவ்வளவு வரும் என்பது ஷட்டர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. அந்த ஷட்டரில் மூளைக்கும் ஒரு கை உண்டு என்பதுதான் மெல்சாக், வால் இருவரின் பெரிய கண்டுபிடிப்பு. அக்கோட்பாட்டின் நுணுக்கங்கள் பின்னாளில் திருத்தம் பெற்றன. அடிப்படை நிலைத்துவிட்டது. இந்தியாவின் செடில் சடங்கு மெல்சாக்கின் கவனத்தையும் ஈர்த்தது. முதுகில் கொக்கி மாட்டித் தொங்கும் மனிதன் முகத்தில் வேதனை தெரியாததை, 1973-ல் வந்த தம் நூலில் அவர் எடுத்துப் பேசினார்.

கவனம் திரும்பினால் வலி குறைவது வெறும் மனப்பிரமையா, உடலில் நிஜமாகவே ஏதாவது மாறுகிறதா? ஜெர்மனியின் ஹாம்பர்க் நகர ஆய்வாளர்கள் 2012-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேரடியாகப் பதில் தந்தது. கையில் வலிக்கும் அளவு சூடு வைத்தபடி, ஆட்களுக்கு நினைவாற்றல் சோதனை கொடுத்தார்கள். ஒரு முறை எளிதானது, மறுமுறை கடினமானது. கடினமான சோதனையில் மூழ்கியிருந்தபோது வலி குறைவாக இருந்தது. தண்டுவடத்தைப் படமெடுத்தபோது, மூளைக்கு ஏறும் முன்பே, அந்த இடத்திலேயே வலிச் சேதி தணிந்திருந்தது. உடலே சுரக்கும் அபின் போன்ற வேதிப்பொருட்களைத் தடுக்கும் நலோக்சோன் மருந்தைக் கொடுத்ததும், கவனம் திருப்பியதால் கிடைத்த நிவாரணத்தில் 40 சதவீதம் குறைந்துபோனது. ஆக, கவனம் வேறிடத்தில் இருக்கும்போது உடல் தன் மருந்தைத் தானே சுரந்து, தண்டுவடத்திலேயே வலியைத் தடுக்கிறது.

வலி காயத்தின் அளவை மட்டும் பொறுத்ததில்லை என்று இரண்டாம் உலகப் போரிலேயே ஹென்றி பீச்சர் என்ற மருத்துவர் கண்டார். கடுமையான காயத்தோடு வந்த சிப்பாய்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினர், கேட்டபோதும் வலி மருந்து வேண்டாம் என்றார்கள். உயிரோடு தப்பி வீட்டுக்குப் போகப்போகிறோம் என்ற எண்ணம் அவர்கள் காயத்துக்கு வேறு பொருள் தந்திருந்தது. ஆனால் அதே சிப்பாய்கள், ஊசியைச் சரியாகக் குத்தத் தெரியாமல் தடுமாறினால் எல்லாரையும் போலவே கத்தினார்கள் என்றும் 1946-ல் எழுதினார் பீச்சர். சட்டி எடுத்த கைக்கு ஊசி வலிக்காது என்று நினைப்பவர்கள் இந்த ஒரு வரியை யோசித்துப் பார்க்க வேண்டும்.

எங்கே பிரிகின்றன

பொதுவானது இத்தனை இருந்தும், முக்கியமான மூன்று இடங்களில் இரண்டும் பிரிந்துவிடுகின்றன.

முதலாவது, கவனம் போகும் திசை. சியாட்டில் நோயாளியின் கவனத்தைப் புண்ணைவிட்டு வெகுதூரம் அனுப்புகிறார்கள். கட்டை அவர் பார்க்கக் கூடாது, நினைக்கக் கூடாது. வீரபாண்டியில் நடப்பது இதற்கு நேர் எதிர். அவள் தீயையே பார்த்துக்கொண்டு நடக்கிறாள். தீயை அவள் மறக்கவில்லை. தீ அவளுக்கு ஆத்தாளாகிவிட்டது. ஆகவே கவனத்தைத் திருப்புதல் என்ற ஒரே பெயரை இரண்டுக்கும் வைப்பது பொருந்தாது. சியாட்டிலில் நடப்பது, கவனத்தை வேறொன்றால் நிரப்புவது. வீரபாண்டியில் நடப்பது, கவனிக்கப்படும் பொருளின் அர்த்தத்தையே மாற்றுவது. ஆய்வுக்கூடத்திலும் இந்தப் பிரிவு தெரிகிறது. வேறு வேலையில் மூழ்குவதால் வரும் நிவாரணமும், ‘இது என் வலியைக் குறைக்கும்’ என்ற நம்பிக்கையால் வரும் நிவாரணமும் தனித்தனிப் பாதைகள் என்று, ஜேசன் பூலேயும் உடன் ஆய்வாளர்களும் 2012-ல் காட்டினார்கள். இரண்டையும் சேர்த்தபோது ஒன்றோடொன்று கூடியதே தவிர, ஒன்றை மற்றொன்று தின்றுவிடவில்லை. தியானத்தைப் பற்றி ஃபாடெல் ஸெய்டானின் குழுவினர் செய்த ஆய்வுகளும் இதே பக்கம்தான் கைகாட்டுகின்றன. நான்கு நாள் பயிற்சிக்குப் பிறகு, சூட்டு வலியின் கசப்பு 57 சதவீதமும் அதன் கடுமை 40 சதவீதமும் குறைந்ததாக 2011-ல் எழுதினார்கள். 2016-ல், நலோக்சோன் கொடுத்தும் அந்த நிவாரணம் குறையவில்லை என்று கண்டார்கள். வலியிலிருந்து விலகுவது ஒரு பாதை, வலியைப் பதற்றமின்றி எதிர்கொள்வது இன்னொரு பாதை. ஆய்வுக்கூடத்தை அப்படியே கோயில் வீதியில் கொண்டுபோய்ப் பொருத்திவிட முடியாது. ஆனாலும் சட்டி எடுப்பவள் இந்த இரண்டாம் பாதைக்கு நெருக்கமாக நடக்கிறாள் என்று கருத இடமிருக்கிறது.

இரண்டாவது, காத்திருப்பு. சட்டி எடுக்கும் நாளை அவளே குறிக்கிறாள். விரதம், காப்பு, ஆற்றுக் குளியல் என்று ஒவ்வொரு நாளும் அந்த நாளை நோக்கி ஆசையோடு போகிறாள். அது எங்கே முடியும் என்பதும் தெரியும். கோயில் வாசலில் சட்டியை இறக்கிவிடலாம். தீக்காய நோயாளிக்கு இதில் எதுவும் கிடையாது. மருந்துத் தள்ளுவண்டியின் சத்தம் வராந்தாவில் கேட்டதும் உடம்பு விறைக்கிறது. இன்று முடிந்தாலும் நாளைக்கு உண்டு. பயத்தோடு எதிர்பார்க்கும்போது, அதே அளவு சூடு கூடுதலாக வலிக்கிறது என்று ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2001-ல் காட்டியிருக்கிறார்கள். தானாக ஏற்றுக்கொண்ட வலியும் தலையில் விழுந்த வலியும் ஒரே எடை இல்லை. தோலில் அளவு ஒன்றாக இருக்கலாம். மனிதருக்குள் அளவு வேறு.

மூன்றாவது, உடன் இருப்பவர்கள். இங்கேதான் வீரபாண்டி சியாட்டிலைவிடச் செல்வம் மிகுந்தது என்று நான் நினைக்கிறேன். சிராய் போடும் தம்பி, முதுகில் கை வைத்த மதினி, காலில் தண்ணீர் ஊற்றும் முன்பின் தெரியாத பெண் என்று ஒரு ஊரே அவள் கவனத்தைத் தாங்கிப் பிடிக்கிறது. ஸ்பெயின் நாட்டின் சான் பெத்ரோ மன்ரீக்கே ஊரில் தீமிதி நடக்கும்போது நடப்பவர்களின் இதயத் துடிப்பையும் பார்ப்பவர்களின் துடிப்பையும் அளந்து, 2011-ல் வெளியிட்டார்கள். நடப்பவர்களுடைய துடிப்பும் அவர்களின் உறவினர், நண்பர்களின் துடிப்பும் ஒத்திசைந்து ஏறி இறங்கின. வெளியூர்ப் பார்வையாளர்களிடம் அந்த இசைவு இல்லை. சொந்தக்காரர்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. அவர்கள் உடம்பும் சேர்ந்து தீயில் நடந்தது. பனி உலகத்துக்குள் நோயாளி தனியாகத்தான் போகிறார். கண்ணையும் காதையும் மூடும் கருவி, வலியோடு சேர்த்து அறையில் இருக்கும் மனிதர்களையும் மறைத்துவிடுகிறது. புண் கட்டும் அந்த அரைமணி நேரத்துக்கு அது நல்லதாக இருக்கலாம். அதற்கு மேல் மனிதனுக்கு மனிதன் வேண்டும்.

இப்படிப் பிரிந்தாலும், இரண்டுக்கும் எல்லை ஒன்றுதான்: வலி திரும்பி வரும். கண் கருவியைக் கழற்றியதும் புண் அங்கேயே இருக்கிறது. சட்டியை இறக்கியதும் உள்ளங்கை எரிச்சல் தெரியத் தொடங்குகிறது. கவனம் எதையும் ஆற்றுவதில்லை, தாங்கத்தான் உதவுகிறது. வலி கவனத்தைப் பிடுங்குவது அதன் பிழையும் இல்லை, அதுதான் அதன் வேலை. உடம்புக்கு ஆபத்து, கையிலிருக்கும் வேலையை நிறுத்து என்று சொல்லவே வலி இருக்கிறது என்று, கிறிஸ்டோபர் எக்லஸ்டனும் கெர்ட் கிரோம்பெஸும் 1999-ல் விளக்கினார்கள். அந்த எச்சரிக்கையை அடக்கிவிட்டு, ஆபத்தை அப்படியே விட்டுவிடக் கூடாது. எங்கள் பக்கத்து மலையடிவாரங்களில் தேள் கொட்டினால் வேப்பிலை அடித்து மந்திரிப்பார்கள். மந்திரிப்பவரின் குரலிலும் வேப்பிலையின் வருடலிலும் மனம் போவதால், கடுப்பு தணிவதாகத் தெரியலாம். ஆனால் செந்தேளின் விஷம், அதிலும் குழந்தைகளுக்கு, இதயத்தையும் நுரையீரலையும் தாக்கும். மகாராஷ்டிரத்தின் மகாட் என்ற சிற்றூரில் மருத்துவம் பார்த்த ஹிம்மத்ராவ் பாவஸ்கர், பிரசோசின் என்ற எளிய மாத்திரை அந்த உயிர்களைக் காக்கும் என்று கண்டு 1986-ல் அறிவித்தார். மந்திரிப்பதற்காகப் போகும் ஒரு மணி நேரம், மாத்திரைக்குரிய ஒரு மணி நேரம்.

நாட்பட்ட வலியிலும் இதே எல்லை தெரிகிறது. கம்பம், போடி, கூடலூர் பக்கத்துப் பெண்கள் விடியற்காலையில் ஜீப் ஏறி, கேரள மலைத் தோட்டங்களுக்கு ஏலக்காய் எடுக்கப் போகிறார்கள். செடியின் தூருக்குள் குனிந்து, நாள் முழுக்கப் பழம் பறிக்கிற வேலை அது. பேச்சும் சிரிப்பும் இடுப்பு வலியை அந்தந்த நேரத்துக்கு மறக்கச் செய்யும். ஆனால் ஆண்டுக்கணக்கில் தேயும் முதுகுக்குப் பேச்சு வைத்தியமாகாது. வேலை நேரம், ஓய்வு, சிகிச்சை ஆகியவை மாற வேண்டும். வலியை மறக்கத் தெரிந்தவர்களுக்குத்தான் சிகிச்சை தாமதமாகப் போய்ச் சேருகிறது என்பதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்தப் பேச்சு ஏன் தவறு

இப்போது, "சட்டி எடுத்த கைதான?" என்ற கேள்விக்குத் திரும்பலாம். கை அதேதான். ஆனால் கையைச் சுற்றியிருந்த எதுவும் இப்போது இல்லை. வீதியில் அவள் தேர்ந்தெடுத்த நாள் இருந்தது, இங்கே அடுத்தவர் குறித்த நேரம். வீதியில் தீக்கு அர்த்தம் இருந்தது, இங்கே புண்ணுக்கு அர்த்தமில்லை, அவமானம்கூட இருக்கலாம். வீதியில் ஊர் இருந்தது, இங்கே தகரக் கட்டிலும் திரைத்துணியும். அந்த ஆதரவுகளை எல்லாம் எடுத்துவிட்டு, அவற்றால் கிடைத்த பொறுமையை மட்டும் அவளிடம் கேட்பது அநியாயம். பிரசவ அறையில் பெண்களிடம் சொல்லும் ‘உலகத்துல யாரும் பெறாத பிள்ளையா’ என்ற பேச்சுக்கும் இதற்கும் வேறுபாடில்லை. வலி என்பது எப்போதும் அவரவர் அனுபவம், வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்று, உலக வலி ஆய்வுச் சங்கம் 2020-ல் திருத்திய வரையறையோடு சேர்த்தே சொல்லியிருக்கிறது. ஒரு நாள் ஒருத்தி தாங்கியது, இன்னொரு நாள் அவளுக்கு வலிக்கவில்லை என்பதற்குச் சாட்சியாகாது.

வீரபாண்டியிலிருந்தும் சியாட்டிலிலிருந்தும் நம் சிகிச்சை அறைகள் எடுத்துக்கொள்ள வேண்டியவை பல. எதற்கும் முதலில் வருவது மருந்து. 1985-ல் வந்த போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால், மார்ஃபின் தேவைப்படும் நோயாளிக்குப் போய்ச் சேராமல் இருந்த நிலை 2014 திருத்தத்துக்குப் பிறகு சட்ட அளவில் தளர்ந்திருக்கிறது. கட்டுப் பிரிப்பதற்குப் போதிய நேரம் முன்பே வலி மருந்தைக் கொடுத்துவிட வேண்டும். அதன்பிறகு சியாட்டிலின் பாடம் வருகிறது. "அங்கிட்டுப் பாருங்கக்கா" என்று மட்டும் சொன்னால் போதாது, அங்கிட்டுப் பார்க்க ஏதாவது இருக்க வேண்டும். ஹாம்பர்க்கில் கடினமான வேலைதான் வலியைக் கூடுதலாகக் குறைத்தது. கவனத்தை முழுதாகக் கேட்கிற ஒன்றைக் கையில் கொடுக்க வேண்டும். விலையுயர்ந்த கருவி இல்லாவிட்டாலும், பிள்ளை தானே விளையாடும் கைபேசி விளையாட்டு இருக்கிறது. ஒவ்வொருவராக நினைவுபடுத்திச் சொல்ல வேண்டிய உறவுமுறைக் கதை இருக்கிறது. சேர்ந்து பாட ஒரு பாட்டு இருக்கிறது.

வீரபாண்டியின் பாடம் இன்னும் ஆழமானது. நாளும் நேரமும் நோயாளிக்கு முன்கூட்டித் தெரிய வேண்டும். கையை உயர்த்தினால் கொஞ்சம் நிறுத்துவார்கள் என்ற உறுதி வேண்டும். "இந்தா முடிஞ்சிருச்சு" என்று முடியாமலே சொல்லக் கூடாது. வீதியில் "கோயிலு வந்துருச்சு" என்று சொல்லும்போது கோயில் நிஜமாகவே கண்ணுக்குத் தெரியும், அதனால்தான் அந்தச் சொல் தெம்பு தருகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, சொந்தத்தில் ஒருவரை உள்ளே விட வேண்டும். அவருக்கும் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லித்தர வேண்டும்: எங்கே பார்க்க வேண்டும், எதைப் பேச வேண்டும், எங்கே கை வைக்க வேண்டும் என்று. புண் கட்டும் அறையின் வாசலில், ‘உறவினர்கள் வெளியே நிற்கவும்’ என்ற பலகைக்குப் பின்னால் தொற்றுப் பயம் இருக்கிறது. கையுறையும் முகமூடியும் அணிந்த ஒரு மதினியால் அந்தப் பயத்தைத் தீர்க்கலாம்.

வலியைத் தனியாக வெல்ல முடியும் என்று இந்த இரண்டும் காட்டவில்லை. சட்டி எடுத்தவளுக்கு ஊர் கொடுத்தது. பனி உலகத்துக்குள் போனவருக்கு மருத்துவமனை கொடுத்தது. இரண்டு இடத்திலும் வலிக்கிறவரின் கவனத்துக்குப் போக்கிடம் அமைத்துத் தந்தவர்கள் மற்றவர்கள்தான். ஆகவே பொறுமையை நோயாளியிடம் கேட்பதற்கு முன்னால், அதற்கு வேண்டியதை நாம் கொடுத்தோமா என்று நம்மைக் கேட்டுக்கொள்வதே முறை.